கட்டணச் சலுகை கேட்கும் முறை

குறைந்த சம்பளத்தில் குடும்பம் நடத்துகிற ஒருவன், தன் குழந்தையின் பள்ளிக் கட்டணத்துக்காகப் பிறரிடம் உதவி கேட்க நேரும்போது, அவன் வாயை அடைத்துவிடுவது பணக் கஷ்டத்தைக் காட்டிலும் கௌரவம் போய்விடுமோ என்கிற பயமே என்பது என் அபிப்பிராயம். அந்தப் பயத்தினால் அவன் மாதக்கணக்கில் பேசாமல் இருக்கிறான், பாக்கி ஏறுகிறது, முடிவில், அவனிடம் கேட்க வேண்டிய கேள்வியைப் பள்ளி அலுவலகம் அவன் குழந்தையிடம் கேட்டுவிடுகிறது. மதுரையில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலையில் ஜீவனம் நடத்திக்கொண்டு, ஒரு பெண்ணையும் ஒரு பையனையும் படிக்கவைத்து வருகிற நான், இவ்விஷயத்தில் அனுபவத்தால் அறிந்தவற்றை, என் நிலையில் இருக்கும் பெற்றோர்க்குப் பயன்படக்கூடும் என்கிற நம்பிக்கையோடு எழுதுகிறேன்.

கொரோனாக் காலத்தில் கல்யாணப் பத்திரிகையும் கோயில் திருவிழா நோட்டீஸும் அடியோடு நின்றுபோனதால், எங்கள் அச்சகத்தில் எல்லாருக்கும் பாதிச் சம்பளமே கிடைத்தது. மகள் அப்போது ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் நான்காம் வகுப்பு. 2021 ஜூலை இறுதியில் சென்னை உயர் நீதிமன்றம், வருமானம் பாதிக்கப்படாத பெற்றோர் 85 சதவீதமும், பாதிக்கப்பட்டோர் 75 சதவீதமும் கட்டணம் செலுத்தினால் போதும் என்றும், பாதிக்கப்பட்டோர் அதை ஆறு தவணைகளாகச் செலுத்தலாம் என்றும் உத்தரவிட்டிருந்த செய்தியைப் பத்திரிகையில் படித்தவுடன், அந்தச் செய்தித் துணுக்கை வெட்டி எடுத்துக்கொண்டு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தேன்.

அந்த விண்ணப்பம் ஒரே பக்கந்தான். இந்த ஆண்டுக் கட்டணம் இவ்வளவு, இதுவரை செலுத்தியது இவ்வளவு, மீதத்தை ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக்குள் இன்ன தொகையாகச் செலுத்த முடியும், இதற்கு மேற்பட்டதை நிர்வாகம் தள்ளுபடி செய்யக் கோருகிறேன் என்று தொகைகளைத் தெளிவாகக் குறிப்பிட்டு, அச்சக முதலாளி கையெழுத்திட்ட சம்பளச் சான்று, முந்தைய ரசீது, ரேஷன் அட்டை ஆகியவற்றின் நகல்களையும் பின்னால் இணைத்தேன். குடும்பக் கஷ்டத்தை விஸ்தாரமாக வர்ணிப்பதால் பிரயோஜனம் இல்லை. படிப்பவர்க்கு அனுதாபம் பிறக்கலாம். ஆனால் அவர் என்ன செய்ய வேண்டும் என்பது விளங்காது. தொகையும் தேதியும் எழுதிக் கொடுத்துவிட்டால், அவர் கையெழுத்திடுவதற்கு இடம் கிடைக்கிறது.

அதை யாரிடம் கொடுப்பது என்பதும் முக்கியம். கட்டணம் வாங்கும் ஜன்னலில் இருக்கும் குமாஸ்தாவுக்குச் சலுகை அளிக்கும் அதிகாரம் கிடையாது. அவரிடம் மன்றாடினால் அவருக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம். தாளாளரையே பார்க்க வேண்டும். அதுவும் ஜூன் மாத நெரிசல் தொடங்குவதற்கு முன், பரீட்சை முடிந்த விடுமுறை நாட்களில் பார்ப்பது உத்தமம். நான் போனபோது அவர் மனுவை இருமுறை படித்துவிட்டு, "தவணை தவறினா என்ன செய்வீங்க?" என்று கேட்டார். "தவறுற மாதம் நானே முன்கூட்டி வந்து சொல்லிடுறேன் சார், பிள்ளைகிட்ட மட்டும் கேக்க வேணாம்" என்றேன். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்காமல் ஓரத்தில் சம்மதம் எழுதிக் கையெழுத்திட்டார். அந்தத் தாளின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் போட்டு வாங்கிக்கொண்டேன். வாய்மொழியாகக் கிடைத்த சலுகை, நிர்வாகியோ கணக்கரோ மாறினால் காற்றோடு போய்விடும்.

சலுகை கேட்பதற்கு முன், கேட்கப்படும் தொகையே நியாயமானதுதானா என்று பார்த்துக்கொள்வது அவசியம். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரைத் தலைவராகக் கொண்ட கட்டண நிர்ணயக் குழு, தனியார் பள்ளிகளுக்கு வகுப்புவாரியாகக் கட்டணத்தை நிர்ணயிக்கிறது. அந்தத் தொகையை அறிந்துகொண்டு, கையிலுள்ள ரசீதை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என்னுடன் வேலை செய்யும் ஒருவர் அப்படிப் பார்த்தபோது, ஸ்மார்ட் கிளாஸ் என்றும் யோகா என்றும் தனித்தனி வரிகளில் சேர்த்திருந்த தொகைகள் நிர்ணயத்துக்கு மேற்பட்டவை என்பது தெரிந்தது; அதைச் சுட்டிக்காட்டி அவர் மரியாதையாக ஒரு கடிதம் எழுதியதும், அவருடைய பாக்கியில் பெரும் பகுதி குறைந்தது.

பாக்கிக்காகக் குழந்தையை வகுப்புக்கு வெளியே நிறுத்துவதை மட்டும் ஒரு நாளும் சகித்துக்கொள்ளக் கூடாது. இன்னொரு பள்ளியில் என் தங்கை மகனுக்கு அது நேர்ந்தது; அந்தப் பையன் அதன்பின் காலையில் வயிற்றுவலி என்று சொல்லிப் படுத்துக்கொள்வான். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, குழந்தைக்கு மனத்துன்பம் தருவதைத் தடைசெய்கிறது. மாவட்டக் கல்வி அலுவலருக்கு எழுதப் போவதாகத் தங்கை சொன்னதும் அந்தப் பழக்கம் நின்றது. அதே சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி, எட்டாம் வகுப்பு வரை, மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானது என்பதற்காக அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ சேர்க்கையை மறுக்க முடியாது என்பதையும் அறிந்துவைத்திருங்கள், டி.சி. தரமாட்டோம் என்கிற சொல்லுக்குப் பயந்து மீட்டர் வட்டிக்குக் கடன் வாங்கியவர்களை நான் அறிவேன்.

வெளி உதவிகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் போன்ற வாரியங்களில் பதிவு செய்தவர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை உண்டு; பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் உதவி உண்டு. தனியார் அறக்கட்டளைகளை அணுகுவோர், பள்ளியின் பெயருக்கே காசோலை தரும்படி தாமாகவே கேட்டுக்கொண்டால், கொடுப்பவர் மனத்தில் சந்தேகத்துக்கு இடமிராது.

சலுகையோடு இரண்டு வருஷம் ஓடிற்று. ஆறாம் வகுப்பு வந்தபோது, நானும் என் மனைவியும் யோசித்து, மகளை அரசு பெண்கள் பள்ளியில் சேர்த்தோம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படிக்கும் பெண்ணுக்கு, மேற்படிப்பின்போது புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். மருத்துவம், பொறியியல் படிப்புகளில் 7.5 சதவீத ஒதுக்கீடும் உண்டு. இந்த அனுகூலங்களைத் தூக்கி எறிந்துவிட்டுக் கடன் வாங்கிக் கட்டணம் செலுத்துவதில் எங்களுக்கு நியாயம் தெரியவில்லை. உறவினர் சிலர் முகம் சுளித்தார்கள். மகள் நன்றாகவே படிக்கிறாள்.

மகனுக்கு வேறு வழி கிடைத்தது. சிறுபான்மையினர் நடத்துபவை நீங்கலாக மற்றத் தனியார் பள்ளிகள், தொடக்க வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிந்த பிரிவினர்க்கு அளிக்க வேண்டும் என்கிற கல்வி உரிமைச் சட்ட விதியின் கீழ், எங்கள் வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருந்த பள்ளியில், குலுக்கலில் அவன் பெயர் வந்து எல்.கே.ஜி.யில் சேர்ந்தான். எட்டாம் வகுப்பு வரை அவனுடைய கல்விக் கட்டணத்தை அரசு பள்ளிக்கு ஈடுசெய்கிறது. ஆயினும், நோட்டு, சீருடை, வேன் என்று வேறு செலவுகள் வரும். அதற்காக மாதந்தோறும் கொஞ்சம் எடுத்துவைக்க வேண்டும்.

வருமான அடிப்படையில் விண்ணப்பிப்போர்க்கு ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அதற்கான சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் கட்டணம் 60 ரூபாய்தான். ஆனால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், மண்டலத் துணை வட்டாட்சியர் என்று மூவர் பார்வையையும் அது கடந்து வர வேண்டியிருப்பதால், கடைசி வாரத்தில் விண்ணப்பித்தவர்கள் பலர் வாய்ப்பை இழந்ததை நேரில் கண்டிருக்கிறேன். சேர்க்கை விண்ணப்பம் ஏப்ரல், மே மாதங்களில் பெறப்படுவது வழக்கம். 2025-இல் மத்திய அரசின் நிதி வராத காரணத்தால் அக்டோபர் வரை தள்ளிப்போயிற்று. ஆகையால், ஜூலை 31-க்குள் மூன்று வயது நிறையும் குழந்தை உங்கள் தெருவில் எந்த ஏழை வீட்டில் இருந்தாலும், பிறப்புச் சான்றிதழையும் வருமானச் சான்றிதழையும் மார்ச் மாதத்துக்குள் வாங்கி வைத்துக்கொள்ளும்படி அந்தத் தாயிடம் தயவுசெய்து சொல்லுங்கள்.