தொட்டுப் பார்த்தா போதாது, 915-ஐப் பாருங்க

அரால்டைட் ரெண்டு டியூபையும் கலந்து எதையாவது ஒட்டியிருப்பீங்க. விரல்ல ஒட்டலைன்னா முழுசா இறுகிடுச்சுன்னு அர்த்தமா? இல்லை.

எபாக்சி ரெசினில் இரண்டு கார்பன், ஒரு ஆக்சிஜன் சேர்ந்த முக்கோண வளையங்கள் இருக்கு. ஹார்டனரின் அமீன் அவற்றைத் திறந்து, மூலக்கூறுகளை வலையாகப் பின்னும். எஃப்.டி.ஐ.ஆர். நிறமாலையில் அந்த வளையத்தின் உச்சம் 915 செ.மீ⁻¹ அருகே வரும்; பசை இறுக இறுகக் குறையும். சாம்பிள் தடிமனாலும் உயரம் மாறுமே? அதனால, மாறாத பென்சீன் வளைய உச்சத்தால் (சுமார் 1510) வகுத்துப் பாருங்க.

எந்த உச்சம் எந்த அதிர்வுன்னு டி.எஃப்.டி. கணக்கு சொல்லும். ஆனா அது பிணைப்பை இலட்சிய ஸ்பிரிங்கா எடுத்துக்கறதால அதிர்வெண் கொஞ்சம் கூடுதலா வரும். பி3எல்ஒய்பி முறைன்னா சுமார் 0.96-ஆல் பெருக்குங்க.

நம்ம திருவேட்டக்குடிப் பக்கக் கரையில் நிற்கும் ஃபைபர் படகுகளில் பெரும்பாலும் பாலியெஸ்டர் ரெசின். அங்கே பார்க்க வேண்டிய உச்சம் வேற. கடலுக்குப் போறவங்களுக்காக நாம கேட்க வேண்டிய கேள்வி அதேதான்: நிஜமாவே இறுகிடுச்சா?