வாடைக்காலத்தில் நாய்க்கு ஒரு காய்ந்த படுக்கை

"நாய்க்கு என்ன குளிரு? அதுக்குத்தான் மயிர் இருக்கே" என்று நம்மில் பலர் சொல்லுவோம். நுவரெலியாவைப் போல இங்கே குளிர் இல்லை என்பது உண்மைதான். புத்தளம், முந்தல், சிலாபம் பக்கம் மார்கழி, தை மாத இரவுகளில்கூட வெப்பநிலை ஏறக்குறைய 22 பாகை செல்சியஸ் வரைதான் இறங்கும். ஆனால் நம்ம கரையோரத்தில் நாயை வாட்டுவது ஈரமும் காற்றும் சேர்ந்த குளிர். நாயின் உடம்புச் சூடு 38 முதல் 39 பாகை வரை இருக்க வேண்டும். நனைந்த மயிர் அந்தச் சூட்டைக் காக்காது. அதன்மேல் வாடைக்காற்றும் அடித்தால் சூடு சீக்கிரம் போய்விடும்.

குட்டிகளும், கிழட்டு நாய்களும், சொறி பிடித்து மயிர் கொட்டிய நாய்களுமே அதிகம் கஷ்டப்படும். பிறந்து இரண்டு வாரம் வரை குட்டியால் தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. முதல் சில நாட்களில் அதற்கு நடுங்கக்கூடத் தெரியாது. ஆகவே நடுங்காத குட்டிக்குக் குளிரவில்லை என்று எண்ணக்கூடாது.

சூடு தேடும் நாய் கொப்பரா காயவைக்கும் கொட்டிலுக்குப் போய்ச் சாம்பலில் படுத்துக்கொள்ளும். சிரட்டை நெருப்பு மேலே சாம்பல் பூத்திருந்தாலும் உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். காலும் வயிறும் வெந்துபோகும். லொறிக்கு அடியிலும் போய்ப் படுக்கும். நாம் நல்ல இடம் கொடுத்தால் அது ஏன் அங்கே போகப்போகிறது?

படுக்கை செய்யும் முறை:

1. பழைய பலகைப் பெட்டி போதும். நாய் நிற்க, திரும்ப, படுக்க மட்டும் இடம் இருக்கட்டும். பெட்டி பெரிதானால் நாயின் சூடு அதற்குள் தங்காது.

2. நான்கு செங்கல் வைத்து, பெட்டியைத் தரையிலிருந்து உயர்த்துங்கள். மேலே கிடுகு வேயுங்கள். தேங்காய் விழும் இடத்தில் வைக்காதீர்கள்.

3. வாடை வடகிழக்கிலிருந்து வரும்; வாசல் தென்மேற்கே பார்க்கட்டும். வைகாசியில் தென்மேற்குக் காற்று தொடங்கும்போது பெட்டியைத் திருப்பி வைக்கலாம்.

4. உள்ளே காய்ந்த வைக்கோல் போடுங்கள். தும்புத்தூள் வேண்டாம், அது தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். சாக்கும் நனைந்தால் லேசில் காயாது. உரம், மருந்து வந்த பைகள் கூடவே கூடாது. வைக்கோல் ஈரமானால் உடனே மாற்றுங்கள்.

குட்டி சில்லிட்டுச் சோர்ந்து கிடந்தால் அவசரப்பட்டுப் பால் புகட்டாதீர்கள். குளிர்ந்த வயிறு பாலைச் செரிக்காது. பால் மூச்சுக்குழாயிலும் போய்விடலாம். முதலில் துணியில் சுற்றி, நெஞ்சோடு அணைத்து மெதுவாகச் சூடேற்றுங்கள். வெந்நீர்ப் போத்தல் வைப்பதானால் அதையும் துணியில் சுற்றியே வையுங்கள். உடம்பு சூடான பிறகு தாயிடம் விடுங்கள்.

சொறிக்குக் கழிவு எஞ்சின் எண்ணெய் பூசுவது நம்மிடையே உள்ள கெட்ட பழக்கம். அது தோலைப் புண்ணாக்கும், நக்கினால் விஷம். மிருக வைத்தியரிடம் காட்டுவதே சரி. விசர்நோய்த் தடுப்பூசியும் அங்கேயே கேளுங்கள்.

குட்டி போட்ட நாயிடம் பிள்ளைகளை விடாதீர்கள். பழகிய நாயும் அப்போது கடிக்கும். கடித்தால் சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இராத்திரி முழுக்க நம்ம லயத்துக்குக் காவல் இருக்கிற ஜீவன் அது. ஒரு பெட்டியும் ஒரு கட்டு வைக்கோலும் அதற்கு நாம் கொடுக்க முடியாததா? மழை பிடிக்கும் முன்பே செய்து வைப்போம்.