துருவேறிய கமான் போல்ட்டு

பாரவண்டியின் சட்டத்தையும் அச்சையும் இணைத்து நிற்பது கமான் பட்டை. கமான் என்பது பாரசீக மொழியில் வில்லைக் குறிக்குஞ் சொல். நம் பட்டறைத் தொழிலாளர் அதனைப் பட்டை என்னுந் தமிழ்ச் சொல்லோடு கூட்டி வழங்குதல் மிகப் பொருத்தமே. வளைந்த எஃகுப் பட்டைகள் சுமையேறுந்தோறும் நிமிர்ந்தும் இறங்குந்தோறும் வளைந்தும் வில்லின் தொழிலையே செய்கின்றன. மேற்பட்டையின் இரு முனைகளும் சுருட்டப்பெற்றுக் கண் போலத் துளையுடையனவாய் இருக்கும். சிறு பாரவண்டிகள் பலவற்றில் அக்கண்ணினுள் ரப்பர் புஷ்ஷும், புஷ்ஷின் நடுவே ஓர் எஃகுக் குழலும், குழலினூடே ஒரு போல்ட்டும் செல்லும். பெரிய லாரிகளில் கிரீஸ் ஊட்டப்பெறும் உலோகப் புஷ்ஷுகள் பெரிதும் வழங்கும். அவை வேறு, ஈண்டு யாம் எடுத்துக்கொண்டது ரப்பர் புஷ்ஷுடைய பழைய வண்டியில் இறுகிப்போன போல்ட்டை மட்டுமே.

இது ஏன் இறுகுகின்றது? இப்போல்ட்டு சுழலுதற்காக அமைந்ததன்று. அதனை முடுக்குங்கால் இருபுறத்துப் பிராக்கெட்டுகளும் நடுவிலுள்ள குழலை நெருக்கிப் பிடித்துக்கொள்கின்றன. பட்டை அசையும்போது ரப்பரே முறுகிக் கொடுக்கின்றது. ஆதலின் போல்ட்டு ஆண்டுக்கணக்காக அசைவற்றுக் கிடக்கின்றது. அதற்குங் குழலுக்கும் இடையேயுள்ள மயிரிழை போன்ற சந்தில் நீர் புகுகின்றது. இரும்பு துருவாகும்போது தன் பழைய பருமனைப் போல் இருமடங்குக்கு மேற்பட்ட இடத்தை வேண்டும். சந்திலோ இடமில்லை. எனவே துருவே ஆப்பாகி இரண்டையும் இறுக்கிவிடுகின்றது. தூத்துக்குடி உப்பளங்களிற் சுமையேற்றும் வண்டிகளுக்கு இத்துன்பம் இன்னும் விரைவில் வரும். உப்பு காற்றின் ஈரத்தை ஈர்ப்பதோடு, உப்புநீர் மின்னோட்டத்தை எளிதிற் கடத்தி இரும்பின் அரிப்பையும் விரைவுபடுத்துகின்றது.

கழற்றப் புகுவோர் முதற்கண் அறியவேண்டுவது போல்ட்டு எவ்விடத்திற் பற்றியுள்ளது என்பதே. நட்டின் மரையிற் பற்றியிருக்கலாம். குழலினுள் தண்டு பற்றியிருக்கலாம். துருவே இல்லாமல், வண்டியின் பாரம் போல்ட்டின் மீது குறுக்கே அழுந்தி நிற்றலும் உண்டு. நட்டு கழன்றவுடன் வேலை முடிந்ததென்று மகிழ்வார் பலர். உண்மையில் அப்போதுதான் தொல்லை தொடங்குகின்றது. ஸ்பேனரால் திருப்பினாற் போல்ட்டின் தலை சிறிது திரும்பும். கையை விட்டாலோ மெல்லப் பழைய இடத்திற்கே மீளும். அங்ஙனம் மீளுமாயின் குழலும் போல்ட்டும் ஒன்றாகச் சேர்ந்து திரும்புகின்றன என்றும், முறுகிய ரப்பரே அவற்றை மீட்கின்றது என்றும் அறிக. இனி எவ்வளவு முயன்று திருப்பினும் பயனில்லை.

தூத்துக்குடிச் சாலையில் ஒரு பட்டறையில் இத்தகைய வண்டியொன்றை யாம் கண்டோம். உடையவரே ஓட்டுநர், வண்டி நின்றால் அவர் வீட்டில் உலையும் நிற்கும். விரைந்து முடிக்கவேண்டும் என்னும் ஆவலால், நட்டை முற்றுங் கழற்றிவிட்டுப் போல்ட்டின் நுனியிற் சம்மட்டியை ஓங்கினான் ஓர் இளைஞன். மூத்த மெக்கானிக் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். நுனியில் அடித்தால் மரை நசுங்கிக் காளான் போல விரியும். பின்னர்ப் போல்ட்டு எப்பக்கமும் வாராது. நட்டை நுனியோடு சமமாக நிறுத்தி, அதன்மேல் அடித்தல் வேண்டும்.

அடிப்பதற்கு முன்னும் அவர் செய்தவை சில. சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தார். சட்டத்தை உறுதியான தாங்கிகளின்மேல் ஏற்றினார். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியிற் புகுதல் உயிரோடு விளையாடுவதாகும். மற்றொரு ஜாக்கியை அச்சின்கீழ் வைத்து, பட்டை தூக்கவும் படாமல் தொங்கவும் படாமல் நிற்குமாறு ஏற்றியும் இறக்கியும் பார்த்தார். பாரத்தாற் பற்றிய போல்ட்டு இவ்வளவிலேயே இளகிவிடுவதுண்டாம். பிறகு மரையைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துருவிளக்கும் எண்ணெயை ஊற்றி ஓர் இரவு விட்டுவைத்தார். உடையவர் முகம் வாடியது; எனினும் எண்ணெய் ஊறுதற்குக் காலம் வேண்டுமன்றோ?

நெருப்பைப் பற்றியும் ஒரு சொல். எஃகு ஒவ்வொரு டிகிரி செல்ஷியசுக்கும் தன் நீளத்திற் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 12 பங்கு விரியும். 14 மில்லிமீட்டர் துளையுடைய நட்டை 300 டிகிரி அளவு சூடேற்றினால் துளை ஏறத்தாழ 0.05 மில்லிமீட்டர் அகலும். சிறிதெனினும் துருவின் பிடியை உடைக்க அது போதும். ஆனால் நட்டுக்குப் பொருந்தும் இம்முறை பட்டையின் கண்ணுக்குப் பொருந்தாது. ஆங்கே ரப்பர் எரிந்து நச்சுப்புகை எழும். பதமேற்றிய பட்டை எஃகு பழுக்கக் காய்ந்து பதங்கெட்டுப் பின்னொருநாள் சுமையோடு முறியும். அருகிலுள்ள பிரேக் குழாயையும் எண்ணெய்த் தொட்டியையும் மறத்தலாகாது. எண்ணெய் ஊற்றிய இடத்தில் தீயைக் காட்டுதலும் கேடே.

மறுநாளும் அவ்வண்டியின் போல்ட்டு அசையவில்லை. திருப்பிய தலை மீண்டு வந்தது. மூத்தவர் மேலும் அடிக்கவில்லை; ரம்பத்தகட்டைக் கையிலெடுத்தார். கண்ணுக்கும் பிராக்கெட்டுக்கும் இடையே தகட்டை நுழைத்து, குழலையும் போல்ட்டையும் சேர்த்து இருபுறமும் அறுத்தார். அரைநாள் வேலை. போல்ட்டும் புஷ்ஷும் மலிவான பொருள்கள், கடையிற் கிடைப்பன; பிராக்கெட்டோ சட்டத்தோடு பிணைந்தது, அது வளைந்தாற் சக்கரத்தின் நேரே கெடும். பெரியதைக் காக்கச் சிறியதை அறுத்த அத்தீர்ப்பைச் சம்மட்டியைவிட வலியதென்றே யாம் கருதுகின்றோம்.

புதுப் போல்ட்டின் தலையிற் பொறித்த எண்ணை அவர் எமக்குக் காட்டினார். 8.8 என்பதில் முன்னெண் சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் இழுவலிமையையும், பின்னெண் அதில் நூற்றுக்கு 80 பங்கு வரையில் போல்ட்டு நிலையாக நீளாது என்பதையுங் குறிக்கும். பழையதற்குக் குறைந்த எண்ணுடையதை இடலாகாது. தண்டிற் கிரீஸ் தடவி, ரப்பரிற் பட்டதைத் துடைத்தார். கனிம எண்ணெய் ரப்பரை ஊறச்செய்து கெடுக்கும்.

நட்டை அவர் உடனே முடுக்கவில்லை. கையளவில் திருகி, வண்டியைச் சக்கரங்களின்மேல் இறக்கி, பட்டை தன் இயல்பான வளைவை அடைந்த பின்னரே முழுதும் முடுக்கினார். தொங்கும்போதே முடுக்கினால், இறக்கியவுடன் ரப்பர் முறுகி, எந்நேரமும் முறுகியபடியே ஓடிச் சில திங்களிற் கிழிந்துபோம். மாலைக்குள் வண்டி உப்பளத்தை நோக்கிப் புறப்பட்டது.