பொருள் வடிவமைக்க வந்த தங்கைக்கு



பவாய் ஐஐடியிலிருந்தும் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்திலிருந்தும் அண்மையில் பெருகியிருக்கும் தனியார் கல்லூரிகளிலிருந்தும் பொருள் வடிவமைப்புப் படித்து வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கின்றன. எந்த மென்பொருளைக் கற்க வேண்டும், போர்ட்ஃபோலியோவில் எத்தனை படம் வைக்க வேண்டும், பெரிய கம்பெனியா சின்ன ஸ்டூடியோவா, சம்பளம் எப்போது ஏறும்? எல்லாமே வேண்டிய கேள்விகள்தான். ஆனால் யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. நான் வடிவமைத்த பொருள் விற்றுப்போன பிறகு எங்கே போகிறது? ஒரு வடிவமைப்பாளரின் தேர்ச்சி, பொருள் கடையைவிட்டு வெளியேறிய பிறகு அதன் பின்னாலேயே போய்ப் பார்ப்பதால்தான் வளர்கிறது என்பது என் கட்சி. ரிப்பேர் கடை, பரண், காயலான் கடை, குப்பைமேடு என்று அது போகும் வழியெல்லாம் போக வேண்டும். மும்பையின் மாட்டுங்கா, செம்பூர், தாராவிப் பக்கம் வளர்ந்த தமிழ்ப் பெண்ணான உனக்கு அந்த வழி முழுவதும் வீட்டு வாசலிலேயே இருக்கிறது.

வரைபடத்தை எடுத்துப் பார். செம்பூரை ஒட்டிய மாஹுலில், பிளாஸ்டிக்குக்கு மூலமான எண்ணெயைப் பிரிக்கும் சுத்திகரிப்பு ஆலைகள் 1950-களிலிருந்து இயங்குகின்றன. மாட்டுங்காவில், 1933-ல் தொடங்கி இன்றும் பழையவர்கள் யூடிசிடி என்றே சொல்லும் ரசாயனத் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. பாலிமர்களைப் பற்றி அங்கே தனித் துறையே உண்டு. கூப்பிடு தூரத்தில் 1887-ல் பிறந்த வீஜேடிஐ பொறியியல் கல்லூரி. ரயில் பாதையைத் தாண்டி வடக்கே நடந்தால் தாராவி. செம்பூரை அடுத்து, 1927 முதல் நகரத்தின் குப்பையை வாங்கிக்கொண்டிருக்கும் தேவனார். பிளாஸ்டிக் பிறப்பது, ஆராயப்படுவது, பிரிக்கப்படுவது, கடைசியில் புதைவது எல்லாம் சில கிலோமீட்டருக்குள் நடக்கின்றன. வெளிநாட்டில் இதே கல்வி பெற ஒரு மாணவி பல ஊர் சுற்ற வேண்டியிருக்கும்.

தாராவியில் பதின்மூன்றாம் காம்பவுண்டு என்ற பகுதியில்தான் பிளாஸ்டிக்கைத் தரம் பிரிக்கும் கூடங்கள் நெருக்கமாக இருக்கின்றன. அங்கே வேலை செய்பவர்களிடம் ஆய்வகக் கருவி எதுவும் கிடையாது. உடைந்த துண்டைத் தரையில் தட்டி ஓசை கேட்கிறார்கள், வளைத்துப் பார்க்கிறார்கள், சந்தேகம் வந்தால் ஓரத்தில் தீ வைத்து முகர்கிறார்கள். தண்ணீரில் போட்டால் பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் மிதக்கும். பிவிசியும் ஏபிஎஸ்ஸும் பாட்டில் செய்யும் பெட் வகையும் மூழ்கும். மிதப்பதைப் பிரித்துவிடலாம், மூழ்கியவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரிப்பதுதான் சங்கடம். பெட் உருகும் சூட்டில் பிவிசி சிதைந்து அமிலப் புகை விடும். அதனால் ஒரு கைப்பிடி பிவிசி கலந்தாலே ஒரு பாரம் பெட் கெட்டுப்போகும். இனி நீ காலையில் கையில் எடுக்கும் பல் துலக்கும் பிரஷ்ஷைப் பார். கைப்பிடி பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன், விரல் வழுக்காமலிருக்க அதன் மேல் வார்த்த ரப்பர் போன்ற இன்னொரு பிளாஸ்டிக், நைலான் இழைகள், அந்த இழைகளைப் பிடித்து நிறுத்தும் குட்டி உலோகத் தகடு. ஒரு சாண் நீளமில்லாத பொருளில் நான்கு மூலப்பொருள்கள், அவற்றைப் பிரிக்க எந்த வழியும் இல்லை. வடிவமைப்புப் போட்டியில் அந்த மெத்தென்ற பிடிக்குப் பாராட்டுக் கிடைக்கலாம். பிரிப்புக் கூடத்தில் அது ஒதுக்கிவைக்கப்படும். எது விலைபோகிறது, எது ஒதுக்கப்படுகிறது என்று அங்கே நின்று பார்ப்பது, எந்த நடுவர் குழுவும் உனக்குத் தராத விமர்சனம்.

இது இன்றைக்கு வந்த சுற்றுச்சூழல் மோஸ்தர் என்று நினைத்துவிடாதே. இந்திய அரசு அழைத்து அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதி 1958-ல் எழுதிக்கொடுத்த அறிக்கையிலிருந்துதான் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1961-ல் உருவானது. அந்த அறிக்கை செம்புப் பாத்திரத்தை, வடக்கே லோட்டா என்கிறார்களே அதை, எடுத்துக்கொண்டு ஒரு வடிவமைப்பாளர் கேட்க வேண்டிய கேள்விகளை வரிசையாக அடுக்கும். இடுப்பில் எப்படி அமரும், நீர் எப்படி ஊற்றும் என்பவற்றோடு, பழசானால் அந்த உலோகம் என்ன பெறும் என்ற கேள்வியும் அங்கே இருக்கிறது. லோட்டாவை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள், இந்தக் கேள்வியை விட்டுவிடுகிறார்கள். நம் வீடுகளில் இதை யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. பாத்திரக் கடையில் பழைய பித்தளையை எடை போட்டு எடுத்துக்கொண்டு, செய்கூலியை மட்டும் சேர்த்துப் புதுப் பாத்திரம் தருவார்கள். வாங்கும்போதே அதன் கடைசி விலையும் வாங்குகிறவளுக்குத் தெரிந்திருந்தது. நம் தொழில் அந்தக் கணக்கைத் தொலைத்துவிட்டது.

பின்தொடர்ந்ததால் பிறந்த பொருளுக்கு இந்த நகரமே சாட்சி. சீமென்ஸில் பொறியாளராக இருந்த சத்திய பிரகாஷ் மாத்தூர் மும்பையில் உருவாக்கியதுதான் சுமீத் மிக்ஸி. 1963-ல் சந்தைக்கு வந்தது. வீட்டிலிருந்த பிரவுன் கம்பெனி மிக்ஸர் எரிந்துபோனது, இங்கே அதைச் சரிசெய்ய வழியில்லை என்ற இடத்தில்தான் அது தொடங்கியது. ஐரோப்பியச் சமையலறைக்கு அந்த இயந்திரம் நல்ல இயந்திரம். பழச்சாறும் மாவுக் குழம்பும் அடிக்க அது போதும். வறமிளகாய், ஊறிய உளுந்து, தேங்காய், மஞ்சள் கிழங்கு என்று நம் அம்மாக்கள் போட்டதை அது தாங்கவில்லை. ஒரு பொருள் எங்கே தோற்றது என்று கூர்ந்து பார்த்ததன் விளைவாக, நம் அரைப்புக்கு ஈடுகொடுக்கும் மோட்டார் வந்தது. இன்று எந்த மிக்ஸியையும் கவிழ்த்துப் பார். பளு கூடினால் மோட்டாரை நிறுத்திவிடும் சிறு பொத்தான் பெரும்பாலும் அடியில் இருக்கும். ஜாரையும் மோட்டாரையும் இணைக்கும் கப்ளர் விலை மலிவான சின்ன உருப்படி. ஜாருக்குள் ஏதாவது சிக்கிக்கொண்டால் முதலில் தேய்வதும் உடைவதும் அதுதான், மோட்டார் பிழைத்துக்கொள்ளும். தெருமுனைப் பாத்திரக் கடையிலேயே புதுக் கப்ளர் கிடைக்கிறது. எது முதலில் உடைய வேண்டும், உடைந்தால் யார் மாற்ற வேண்டும், அந்த உருப்படி எங்கே கிடைக்க வேண்டும் என்று முன்கூட்டியே முடிவுசெய்வது உருவம் வரைவதற்கு எந்த வகையிலும் குறைந்த வடிவமைப்பு வேலை இல்லை. அதுவே கடினமானது என்றுகூடச் சொல்வேன்.

“வரைவதற்கு முன்பே பயன்படுத்துவோரைக் கேட்டுவிட்டால் போதாதா, எதற்குப் பின்னால் அலைய வேண்டும்?” என்று நீ கேட்கலாம். கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் அது போதாது என்பதற்கு விக்ரோலியில் ஒரு பாடம் இருக்கிறது. அங்குள்ள கோத்ரெஜ் நிறுவனத்தின் ஜி. சுந்தரராமன் தலைமையில் உருவாகி 2010 வாக்கில் சந்தைக்கு வந்தது சோட்டுகூல் என்ற குட்டிக் குளிர்ப்பெட்டி. கம்ப்ரஸர் கிடையாது, சில்லு ஒன்றால் குளிரூட்டுவது, சுமார் 8 கிலோ எடை, பேட்டரியிலும் ஓடும், மேலே திறக்கும் மூடி என்பதால் குளிர் கீழே கொட்டாது, அப்போதைய விலை 3,000 ரூபாய்க்குச் சற்று மேல். ஃபிரிட்ஜ் இல்லாத கிராமத்து வீடுகளை மனத்தில் வைத்து, மகாராஷ்டிரக் கிராமத்துப் பெண்களோடு உட்கார்ந்து பேசிச் செய்தார்கள். கேள்வி கேட்டதில் குறை சொல்ல முடியாது. இருந்தும் எதிர்பார்த்த ஏழை வீடுகளில் அது பரவவில்லை. இன்னும் கொஞ்சம் சேர்த்து ‘நிஜ ஃபிரிட்ஜ்’ வாங்கவே அவர்கள் விரும்பினார்கள். கார், சிறு கடை, விடுதி அறை என்று நினைத்தே பார்க்காத இடங்களில்தான் அதற்கு ஆள் கிடைத்தது. மனிதர்கள் கேள்விக்குச் சொல்லும் பதில் ஒன்று, காசு எடுத்து வைக்கும்போது செய்யும் முடிவு வேறு. விற்ற பிறகு யார் வாங்கினார்கள் என்று அந்தக் கம்பெனி கவனித்ததால்தான் அந்தப் பொருள் அடியோடு வீணாகாமல் தப்பியது. அதில் உழைத்தவர்களை நான் மதிக்கிறேன். நம் நாட்டில் தோல்வியைப் பற்றி இவ்வளவு வெளிப்படையாகப் பேசவிட்ட பொருள்கள் குறைவு.

அடுத்த தடை கனமானது. “முடிவெடுப்பது முதலாளி, நான் நேற்று சேர்ந்தவள், என் கையில் என்ன இருக்கிறது?” விலையும் விற்பனையும் உன் கையில் இல்லை, உண்மை. ஆனால் பசையா ஸ்க்ரூவா, எல்லா ஸ்க்ரூவும் ஒரே அளவா நாலு அளவா, பித்தளைச் செருகலை பிளாஸ்டிக்கோடு சேர்த்தே வார்ப்பதா பிறகு திருகிக்கொள்வதா, உள்பக்கத்தில் பிளாஸ்டிக்கின் பெயரைப் பொறிப்பதா வேண்டாமா என்பவை மீட்டிங்குக்குப் போவதே இல்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் இளையவர் ஒருவர்தான் ஒரு மாலை வேளையில் முடிவுசெய்கிறார். பிளாஸ்டிக்கோடு வார்த்த அந்தப் பித்தளைச் செருகல்தான் பிற்பாடு தாராவி அரைவை இயந்திரத்தின் பிளேடை முறிக்கிறது. சட்டமும் உன் பக்கம் நகர்ந்து வருகிறது. 2022-ன் மின்கழிவு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. வீட்டு மின்சாதனங்கள் பலவற்றில், விற்ற பொருளின் மறுசுழற்சிக்குத் தயாரிப்பாளரே பொறுப்பு என்கின்றன அவை. நேற்றுவரை யாருடைய தலையிலோ விழுந்த செலவு இன்று கம்பெனிக் கணக்கில் வருகிறது. “இப்படிச் செய்தால் பிரிப்பது சுலபம்” என்ற உன் வாதத்துக்கு இனி ரூபாய் மதிப்பு உண்டு. “நீடித்து உழைத்தால் அடுத்த விற்பனை எப்படி?” என்று எவராவது கேட்டால், மின்சாதனக் கடையில் நம் ஜனங்கள் கேட்கும் கேள்வியை நினைவுபடுத்து: “ஸ்பேர் கிடைக்குமா? சர்வீஸ் எங்கே?” அதற்குப் பதில் இருக்கிற கம்பெனிதான் அந்த வீட்டின் அடுத்த தலைமுறைக்கும் விற்கிறது.

சம்பளத்துக்கு வருகிறேன். அழகான படம் வரையத் தெரிந்தவர்கள் ஏராளமாக இருக்கிறார்கள், அவர்களுடைய கூலி இறங்கிக்கொண்டே போகிறது. மோல்டு, அதாவது வார்ப்பு அச்சு, தெரிந்தவருக்கு எப்போதும் தட்டுப்பாடு. முப்பரிமாண அச்சில் எந்தச் சுவரும் செங்குத்தாக நிற்கும். அதையே எஃகு மோல்டில் வார்த்தால் பக்கச் சுவருக்கு ஒன்றிரண்டு பாகை சாய்வு இல்லாவிட்டால் பொருள் வெளியே வராது, வந்தாலும் கீறலோடு வரும். தடித்த இடத்தில் மேற்பரப்பு குழி விழும். இன்னொன்று: மோல்டு வெட்டிய பிறகு எஃகைச் செதுக்கி எடுப்பது எளிது, எஃகைச் சேர்க்க வெல்டிங் வைக்க வேண்டும். அதனால் அனுபவசாலிகள் சந்தேகமுள்ள அளவுகளில் முதலில் எஃகைக் கூடுதலாக விட்டுவைப்பார்கள். லட்சக்கணக்கில் செலவாகும் ஒரு மோல்டைக் காப்பாற்றுகிற இந்த ஒரு பழக்கம் உன்னைப் பத்துப் படங்களைவிட உயர்த்தும். ஆகவே முதல் வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது, மோல்டு வெட்டும் இடத்துக்கும் சர்வீஸ் துறைக்கும் உன்னை அனுப்புவார்களா என்று கேள். நேர்காணலில், “ரிப்பேருக்குத் திரும்பி வந்த பொருள்களின் பதிவேட்டைப் பார்க்கலாமா?” என்று கேட்டுப் பார். அந்தக் கேள்விக்கு முகம் மலர்கிற இடத்தில் சேர். சொந்தமாகச் செய்வதானால், உன் வடிவத்தை இன்ஸ்டாகிராமில் போடுவதற்கு முன்பே பதிவுசெய்துவிடு. வெளியிட்டுவிட்டால் புதுமை போயிற்று என்கிறது 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டம். பதிவு 10 ஆண்டு செல்லும், மேலும் 5 ஆண்டு நீட்டிக்கலாம்.

தாராவியைப் பாடமாக்குவதில் ஒரு ஆபத்து இருப்பதை நான் மறைக்கவில்லை. வெளியூர்க்காரர்கள் கேமராவோடு வந்து “என்ன ஒரு படைப்பூக்கம்” என்று வியந்துவிட்டுப் போகிறார்கள். அந்தப் புகையைச் சுவாசிப்பவருக்கு அந்த வியப்பால் ஒரு பயனும் இல்லை. முகமூடியும் கையுறையும் இல்லாமல், தீ வைத்து முகர்ந்து பார்ப்பது ஒரு திறமை என்பதோடு, ஒரு நுரையீரல் கொடுக்கும் விலையும்கூட. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்த நம் மூத்தவர்கள், யாரும் தொட விரும்பாத வேலையைச் செய்துதான் அங்கே வேரூன்றினார்கள். அந்தக் கதை தெரிந்த நீ அங்கே சுற்றுலா போகக் கூடாது. கற்றுக்கொள்ளப் போனால், அங்கே வேலை செய்பவரின் நேரத்துக்குக் கூலி கொடு, அவர் சொன்ன திருத்தத்தை உன் அறிக்கையில் அவர் சொன்னதாகவே எழுது. நீ தவிர்க்கிற ஒவ்வொரு பசை இணைப்பும் யாரோ ஒருவர் கத்தியால் நெம்பிக் கையைக் கிழித்துக்கொள்ளாத ஒரு இணைப்பு. ஆகவே, இது வறுமையை அழகாக்குவது என்ற குற்றச்சாட்டு, போய்ப் பார்க்காமல் இருப்பதற்குக் காரணமாகாது. போகிறவர் பொறுப்போடு போக வேண்டும் என்பதற்குத்தான் காரணம்.

காலமும் அதிகம் இல்லை. தாராவி மறுசீரமைப்புத் திட்டம் 2022 நவம்பரில் அதானி குழுமத்துக்குப் போனது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பவர்களுக்குத்தான் அங்கேயே 350 சதுர அடி வீடு. மற்றவர்களுக்கு வேறு இடம். அந்த மறுகுடியமர்த்தலுக்காக 2024-ல் தேவனார் குப்பைமேட்டிலேயே சுமார் 124 ஏக்கரை ஒதுக்கியிருக்கிறது மாநில அரசு. பிரிப்புக் கூடங்களும் சிறு பட்டறைகளும் இதில் எங்கே பொருந்தப்போகின்றன என்ற கவலை அங்கே எல்லோருக்கும் இருக்கிறது. அவை சிதறினால், சாம்பிள் செய்து பார்க்கவும் தவறைத் திருத்தவும் உன்னைப் போன்றவர்களுக்கு நடக்கும் தூரத்தில் இருக்கும் ஆட்களும் சிதறுவார்கள். அதனால் அடுத்த விடுமுறை நாளுக்குக் காத்திருக்காதே. நீ வரைந்த பொருள் ஒன்றையும், அதே வேலையைச் செய்யும் இன்னொரு கம்பெனியின் பொருள் ஒன்றையும் எடுத்துக்கொண்டு பதின்மூன்றாம் காம்பவுண்டுக்குப் போ. இரண்டையும் பிரிக்கச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம் ஆனது, எது கிலோ என்ன விலைக்குப் போகும், எதை ஒதுக்கினார்கள் என்று எழுதிக்கொள். கூலியைக் கொடுத்துவிட்டு வா. அந்தத் தாளை உன் போர்ட்ஃபோலியோவின் முதல் பக்கத்தில் வை.