அட்டை சாகவில்லை, அடையாளம்தான் தெரியவில்லை

மாணவர்களே, ஒரு கணினியில் புதிதாக விண்டோஸ் பதிகிறீர்கள். எல்லாம் முடிந்தது, இணையம் மட்டும் வரவில்லை. நெட்வொர்க் அட்டைக்கு டிரைவர் இல்லையாம். டிரைவரைப் பதிவிறக்கலாம் என்றால் அதற்கு இணையம் வேண்டும்! பெட்டியைப் பூட்டிச் சாவியை உள்ளேயே வைத்த கதைதான்.

வீட்டுக் கணினி என்றால் ஒரு பென்டிரைவ் போதும். பிளேடு சர்வரில் அது அவ்வளவு எளிதல்ல. பிளேடு என்பது, அலமாரியில் புத்தகத்தைச் செருகுவதுபோல ஒரு கூட்டுக்குள் செருகப்படும் மெல்லிய சர்வர். எச்பி நிறுவனத்தின் சி7000 கூட்டில் அரை உயரப் பிளேடுகள் 16 வரை செருகலாம். மின்சாரம், விசிறி, பின்புறமுள்ள நெட்வொர்க் சுவிட்ச் எல்லாம் அவற்றுக்குப் பொது. பிளேடில் டிவிடி கருவி கிடையாது. கூடும் பெரும்பாலும் குளிரூட்டப்பட்ட வேறோர் அறையில் இருக்கும்.

எங்கள் பள்ளிக் கணினிக் கழகத்திற்குப் பழைய பிளேடு சர்வர் ஒன்று அன்பளிப்பாக வந்தது. படிவம் ஐந்து மாணவர்கள் மூன்று முறை விண்டோஸ் பதிந்து பார்த்துவிட்டு, "சார், கார்டு செத்துப்போச்சு" என்றார்கள். புதிய அட்டைக்கு விலைகூட விசாரித்துவிட்டார்கள்.

நான் டிவைஸ் மேனேஜரைத் திறக்கச் சொன்னேன். 'ஈதர்நெட் கண்ட்ரோலர்' என்ற வரியின் பக்கத்தில் மஞ்சள் குறி. அதைக் கண்டு பலர் பயப்படுகிறார்கள். உண்மையில் அது நல்ல செய்தி. அட்டை உயிரோடு இருக்கிறது, கேட்டால் பதில் சொல்கிறது என்று பொருள்.

என்ன பதில்? பிசிஐ வகை அட்டை ஒவ்வொன்றும் நம் அடையாள அட்டையைப்போல எண்களைச் சுமக்கிறது. முதல் நான்கு இலக்கம் தயாரிப்பாளர், அடுத்த நான்கு இலக்கம் மாடல். இவை பதினாறடிமான எண்கள் என்பதால் நடுவில் எழுத்துகளும் வரலாம். 8086 என்றால் இன்டெல். 1978இல் அந்நிறுவனம் வெளியிட்ட புகழ்பெற்ற செயலியின் பெயரும் அதுவே! 8086, 1521 என்று சேர்ந்து வந்தால் அது இன்டெல் ஐ350 அட்டை. அந்த வரியின் 'புரோபர்ட்டீஸ்' பகுதிக்குள் 'டீட்டெயில்ஸ்', அதில் 'ஹார்டுவேர் ஐடி' என்று போனால் இந்த எண்களைக் காணலாம்.

விண்டோஸ் தன்னிடமுள்ள பட்டியலில் அந்த எண்ணைத் தேடுகிறது. 2009இல் வெளியான இயங்குதளத்தின் பட்டியலில் 2011இல் வந்த அட்டை எப்படி இருக்கும்? எத்தனை முறை மறுபடி பதிந்தாலும் அதே பட்டியல்தான். மாணவர்களின் மூன்று மாலைகள் வீணானது இங்கேதான்.

இப்போது இன்னொரு கணினியில் சரியான டிரைவரைப் பதிவிறக்குங்கள். அதைப் பிரித்தால் 'ஐஎன்எஃப்' என்று முடியும் கோப்பு ஒன்று இருக்கும். நோட்பேடில் திறந்து உங்கள் அட்டையின் எண்ணைத் தேடுங்கள். இல்லையென்றால் அது உங்களுக்கான டிரைவர் அல்ல. பதிந்து பார்த்து ஏமாறுவதைவிட இது விரைவு.

பிளேடுக்குள் அதைக் கொண்டுபோவது எப்படி? பிளேடில் மேலாண்மைச் சில்லு என்று தனியாக ஒன்று உண்டு. எச்பியில் ஐலோ, டெல்லில் ஐடிராக் என்பார்கள். அதற்குத் தனி நெட்வொர்க் வழி இருப்பதால் விண்டோஸ் ஓடாவிட்டாலும் அது வேலை செய்யும். டிரைவர் கோப்புறையை 'ஐஎஸ்ஓ' கோப்பாக்கி, மடிக்கணினியின் உலாவி வழியாக அந்தச் சில்லிடம் கொடுத்தால், யூஎஸ்பி டிவிடி ஒன்று செருகப்பட்டதாகப் பிளேடு நம்பிவிடும். அதற்கான டிரைவர் விண்டோஸிலேயே இருக்கிறது! பிறகு டிவைஸ் மேனேஜரில் அந்தக் கோப்புறையைக் காட்டினால் போதும்.

மஞ்சள் குறிகூட வராவிட்டால்தான் அட்டை சரியாகச் செருகப்பட்டுள்ளதா, பயாஸில் அணைக்கப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும்.

எங்கள் பிளேடில் டிரைவர் ஏறியது, மஞ்சள் குறி போனது. ஆனால் 'கேபிள் இணைக்கப்படவில்லை' என்று செய்தி வந்தது. பிளேடில் ஒவ்வோர் அட்டை இடமும் கூட்டின் பின்புறமுள்ள குறிப்பிட்ட சுவிட்ச் அறையோடுதான் இணைந்திருக்கும். எங்கள் அட்டைக்குரிய அறை காலி. பக்கத்து அறையில் இருந்த சுவிட்சைக் கழற்றி அங்கே செருகினோம். பச்சை விளக்கு எரிந்தது.