டூட்டி நேரமும் ரயில் நேரமும்

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் முடித்த எனக்கு எழும்பூரில் ஒரு பெரிய மருத்துவமனையிலும், உள்ளூர் நர்சிங் ஹோமிலும் வேலை கிடைத்திருக்கிறது. சென்னைக்குத் தினமும் போய்வர முடியுமா?
– ஒரு வாசகி, செங்கல்பட்டு

பதில்: பகல் டூட்டி மட்டும் என்றால் முடியும். ஆனால், புதிதாகச் சேரும் நர்ஸுக்கு நைட் டூட்டி தப்பாது.

செங்கல்பட்டிலிருந்து எழும்பூருக்கு மின்சார ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம். வீட்டிலிருந்து வார்டுக்கு என்றால் 2 மணி நேரம் ஆகிவிடும். 12 மணி நேர நைட் டூட்டியோடு போகவர 4 மணி நேரத்தைச் சேர்த்தால், குளியல், சாப்பாடு, தூக்கம் எல்லாவற்றுக்கும் மிஞ்சுவது 8 மணி நேரம்தான். அடுத்த ஷிப்ட் நர்ஸ் வந்து பொறுப்பேற்காமல் கிளம்பவும் முடியாது. அவர் தாமதித்தால் அதுவும் தூக்கத்திலிருந்துதான் கழியும்.

ரயிலில் கண்ணயரலாம். ஸ்கூட்டரில் அது உயிருக்கே ஆபத்து. அமெரிக்காவில் 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், இரவுப் பணி முடித்த 16 பேரைத் தனிப்பாதையில் கார் ஓட்டச் செய்தார்கள். விபத்தின் விளிம்புவரை 11 முறை போனது. இரவு தூங்கிவிட்டு ஓட்டியபோது ஒருமுறைகூட இல்லை.

ஆனாலும் முதல் வேலையில் கற்பதுதான் முக்கியம். ஐ.சி.யூ. அனுபவம் பெரிய மருத்துவமனையில்தான் கிடைக்கும் என்றால், அதை விடக்கூடாது. சேரும் முன்பே விடுதி வசதி உண்டா, மாதத்தில் எத்தனை நைட், இ.எஸ்.ஐ. பிடிப்பார்களா என்று கேட்டுவிடுங்கள். விடுதி கிடைத்தால் எழும்பூர்; இல்லையென்றால் ஓராண்டு உள்ளூரிலேயே தொடங்குங்கள்.