பூனையின் ஆறாத புண்

தோட்டப்புற வீடுகளில் பூனை வளர்ப்போர் பலர். எலித் தொல்லையைக் குறைக்கும் அப்பிராணி, பிள்ளைகளுக்கு விளையாட்டுத் துணையாகவும் விளங்குகிறது. ஆண் பூனைகள் இரவில் சண்டையிட்டுக் காயத்துடன் திரும்புவது வழக்கம். அக்காயங்களுள் பெரும்பாலானவை சில நாள்களில் ஆறிவிடும். வாரக்கணக்கில் ஆறாமல் பெருகிவரும் புண்ணையோ நாம் சாதாரணக் காயமென்று கருதிவிடலாகாது. அது 'ஸ்போரோட்ரைகோசிஸ்' என்னும் நோயாக இருக்கக்கூடும்.

நோயின் காரணம்

இது ஒருவகைப் பூஞ்சணத்தால் உண்டாவது. 1898ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பெஞ்சமின் ஷெங்க் என்பவர் இதனை முதன்முதலாக விவரித்து எழுதினார். இப்பூஞ்சணம் மண்ணிலும், மட்கும் இலைகளிலும், மரத்துண்டுகளிலும் வாழ்கிறது. முள் குத்திய இடத்தின் வழியாகவும் மனிதரைப் பற்றும். ஆயினும், மலேசியாவில் இந்நோய் கண்டவர்களுள் பலர் பூனையின் நகக்கீறலாலோ கடியாலோ அதனைப் பெற்றவர்களாவர்.

அறிகுறிகள்

பூனையின் மூக்கு, காது, பாதம் ஆகிய இடங்களில் கட்டிகள் தோன்றி, உடைந்து புண்ணாகும். சில பூனைகள் ஓயாமல் தும்மும். மனிதருக்கோ, கீறல் பட்ட இடத்தில் சில நாள்களோ வாரங்களோ கழித்துச் சிறு கட்டி எழும்பும். பின்னர் கையின் மேற்புறம் நோக்கி ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டிகள் வரிசையாகத் தோன்றக்கூடும். நீரிழிவு முதலியவற்றால் உடல் வலுக்குன்றியோர் மிகுந்த கவனத்துடன் இருத்தல் வேண்டும்.

நாம் செய்ய வேண்டுவன

1. புண்ணுள்ள பூனையைக் கையுறை அணிந்தே தொடுக. பிள்ளைகளை அணுகவிடாதீர்.

2. அதனைத் தனியே அடைத்து வைத்து, கால்நடை மருத்துவரிடம் காட்டுக.

3. பூனை கீறினால் உடனே சவர்க்காரமிட்டு நன்கு கழுவுக. கட்டி தோன்றின் மருத்துவரை நாடி, பூனை கீறியதை மறவாமல் கூறுக. அதனைக் கூறாவிடில், மருத்துவர் வேறு நோயென்று கருத இடமுண்டு.

4. 'இட்ராகொனசோல்' என்னும் மருந்து இந்நோய்க்குப் பெரிதும் பயன்படுகிறது. வெட்டிய பால்மரப் பட்டை மீண்டும் வளர்வதற்குக் காலம் பிடிப்பதைப் போலவே, இச்சிகிச்சைக்கும் பல மாதங்கள் ஆகும். புண் ஆறிய பின்னரும், மருத்துவர் போதுமென்று சொல்லும்வரை மருந்தை நிறுத்தலாகாது.

நோயுற்ற பூனையைச் சாக்கில் கட்டி வேறு தோட்டத்தில் விட்டுவருவோரும் உளர். அதனால் நோய் ஒழிவதில்லை. அங்குள்ள பூனைகளுக்கும், அவற்றைத் தூக்கிக் கொஞ்சும் குழந்தைகளுக்கும் போய்ச் சேர்கிறது. பூனையைக் குணப்படுத்துவதே நம் வீட்டையும் அயல் வீட்டையும் காக்கும் வழியாகும்.